ஸாலிஹானவர்களுக்கு மறுமையில் என்ன கூலி? தவறிப்போன அத்தாவுக்காக நாம் என்ன செய்யலாம்?

வ அலைக்கும் ஸலாம், தம்பி.

மற்றவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் 30 வருடம் உழைத்த உங்கள் அத்தா (தகப்பனார்) மௌத்தாகி, அதாவது இறந்து, 22 நாள் ஆகிறது. நாலைந்து சின்ன சூராக்களுக்கு மேல் ஓதத் தெரியாதவர். ஆனால் தெரிந்து ஒரு வக்துத் தொழுகையையும் விட்டதில்லை, யாரையும் கடிந்து பேசியதில்லை. ஸாலிஹான நல்லடியார்களுக்கு அல்லாஹ் வைத்திருக்கும் கூலி என்ன, அது அத்தாவுக்குக் கிடைக்குமா, 40-ஆம் நாள் ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போட 60,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அத்தாவின் சேமிப்பு 1,40,000 ரூபாய், கொஞ்சம் கடன், பத்து வயதில் ஒரு தங்கை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக அம்மா கேட்ட கேள்வி: "அவங்கள மறுபடி பார்ப்பேனா?"

கிடைக்குமா என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நபித்தோழர் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) மதீனாவில் உம்முல் அலா (ரலி) என்ற பெண்மணியின் வீட்டில் இறந்தார்கள். "அல்லாஹ் உங்களைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்பதற்கு நான் சாட்சி" என்று அந்த அம்மா சொன்னபோது நபி (ஸல்) அவர்கள், "அது உனக்கு எப்படித் தெரியும்? நான் அவருக்கு நல்லதையே ஆதரவு வைக்கிறேன்" என்றார்கள். பின்னால் அந்த அம்மா உஸ்மானுக்கு ஓடும் ஊற்று ஒன்று இருப்பதாகக் கனவு கண்டு சொன்னபோது, "அது அவருடைய அமல் (நற்செயல்)" என்று விளக்கம் கொடுத்தார்கள். புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கும் செய்தி இது. ஒருவரைச் சொர்க்கவாசி என்று முத்திரை குத்தும் உரிமை நமக்கு இல்லை, ஆதரவு வைக்கும் உரிமை நிறையவே இருக்கிறது. இன்னொரு ஜனாஸாவை (இறந்தவரை) மக்கள் நல்லவிதமாகப் பேசியபோது, "கடமையாகிவிட்டது, நீங்கள் பூமியில் அல்லாஹ்வின் சாட்சிகள்" என்றும் நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேர், மூன்று பேர், ஏன், இரண்டு பேர் நல்லவர் என்று சொன்னாலும் போதும் என்று உமர் (ரலி) அறிவிக்கும் இன்னொரு செய்தியில் வருகிறது. பட்டறையில் கூட உட்கார்ந்து தைத்தவர்கள் உங்கள் அத்தாவைப் பற்றி மனதாரச் சொல்வது சாதாரண ஆறுதல் வார்த்தை என்று நினைக்காதீர்கள்.

ஓதத் தெரியாதவராயிற்றே என்ற கவலை தேவையில்லை. பிர்தௌஸ் என்ற உயர்ந்த சொர்க்கத்துக்கு வாரிசாகிறவர்கள் யார் என்று குர்ஆன் 23-ஆம் சூராவின் முதல் 11 ஆயத்துகள் (வசனங்கள்) சொல்கின்றன: தொழுகையில் உள்ளச்சம், வீண்பேச்சை விட்டு விலகுதல், ஜகாத், கற்பு, அமானத்தையும் (நம்பி ஒப்படைத்ததையும்) வாக்கையும் காத்தல், தொழுகைகளைப் பேணுதல். 3:134, அதாவது 3-ஆம் சூராவின் 134-ஆம் ஆயத்து, இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. வசதியிலும் நெருக்கடியிலும் செலவு செய்கிறவர்கள், கோபத்தை விழுங்குகிறவர்கள், மனிதர்களை மன்னிக்கிறவர்கள். சட்டை பட்டன் கழன்ற தினக்கூலிக்காரரும் இதற்குள் வரலாம். திக்கித் திணறி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்று புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் உண்டு.

கூலி எப்படி எழுதப்படுகிறது? நல்லதைச் செய்ய நினைத்துச் செய்யாமல் போனால் ஒரு முழு நன்மை. செய்துவிட்டால் பத்திலிருந்து எழுநூறு வரை, அதற்கு மேலும். கெட்டதை நினைத்து அல்லாஹ்வுக்காக விட்டால் அதற்கும் ஒரு நன்மை. செய்தால் ஒரே ஒரு தீமை. கணக்கு நம் பக்கமாகவே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அப்படி இருந்தும், "எவரையும் அவருடைய அமல் சொர்க்கத்தில் நுழைக்காது" என்று நபியவர்கள் சொன்னார்கள். "உங்களையுமா?" என்று கேட்டபோது, "என்னையும்தான், அல்லாஹ் தன் ரஹ்மத்தால் (அருளால்) என்னை மூடிக்கொண்டால் தவிர" என்றார்கள். நுழைவது அவன் ரஹ்மத்தால், உள்ளே கிடைக்கும் தரஜா (படித்தரம்) அமலால் என்று உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) இதை விளக்குகிறார்கள்.

மௌத்துக்குப் பிறகு உள்ள வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கபுரில் (மண்ணறையில்) மூன்று கேள்விகள்: உன் ரப்பு (இறைவன்) யார், உன் தீன் (மார்க்கம்) என்ன, உங்களிடம் அனுப்பப்பட்ட இந்த மனிதர் யார். முஃமின் (இறைநம்பிக்கையாளர்) பதில் சொன்னதும் கபுரு விசாலமாகிறது, சொர்க்கத்தை நோக்கி ஒரு வாசல் திறக்கிறது. பிறகு எழுப்பப்படுதல், மஹ்ஷர் என்ற ஒன்றுகூடும் வெளி, நபியவர்களின் தடாகம். ஒரு மாதப் பயண தூரம் அளவுள்ள தடாகம் அது. தண்ணீர் பாலைவிட வெண்மை, ஒருமுறை குடித்தவருக்குப் பிறகு தாகமே இல்லை. பிறகு ஏடு கையில் கிடைப்பது, மீஸான் தராசு, ஸிராத் பாலம். அவரவர் அமலுக்கு ஏற்பச் சிலர் கண்சிமிட்டும் நேரத்தில், சிலர் மின்னலாக, காற்றாக, சிலர் விரையும் குதிரையாகக் கடப்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. முஸ்லிமில் வரும் ஹதீஸ் ஒன்றில், ஸிராத்தின் இரண்டு ஓரங்களிலும் அமானத்தும் இரத்த உறவும் வந்து நிற்கும் என்று இருக்கிறது. தொழுகை, நோன்பைப் பற்றி அங்கே பேச்சில்லை. நம்பி ஒப்படைத்ததும், பிறந்த உறவும் நிற்கின்றன.

ஸிராத்தைக் கடந்தாலும் கதவு உடனே திறப்பதில்லை. அபூ ஸயீத் அல்குத்ரி (ரலி) அறிவித்து புகாரியில் வரும் செய்தி: நரகத்திலிருந்து தப்பிய முஃமின்கள் சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவே ஒரு கன்தராவில், அதாவது சிறு பாலத்தில், நிறுத்தப்படுவார்கள். உலகத்தில் ஒருவருக்கொருவர் செய்த அநியாயங்கள் அங்கே நேர் செய்யப்படும். சுத்தமாகித் துப்புரவான பிறகுதான் நுழைய அனுமதி. நிறுத்தப்படுகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல என்பதைப் பாருங்கள். அவர்கள் தப்பித்துவிட்ட நல்லடியார்கள், தராசு கனத்தவர்கள். அவர்களையும் நிறுத்துவது மனிதர்களின் பாக்கிதான். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு வந்த ஒருவர், இவனைத் திட்டி, அவன் பொருளைத் தின்று, இன்னொருவனை அடித்து வைத்திருந்ததால் நன்மை எல்லாம் அவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டு, அதுவும் தீர்ந்து, அவர்கள் பாவத்தைத் தலையில் சுமக்கும் முஃப்லிஸின் (திவாலானவரின்) செய்தியையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

உயிர்த்தியாகியான ஷஹீதுக்குக்கூட எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர. அது முஸ்லிமில் உள்ளது. ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. மூன்று தீனார் கடன், விட்டுச்சென்றது ஒன்றுமில்லை. "நீங்களே தொழுதுகொள்ளுங்கள்" என்று நபியவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். அபூ கதாதா (ரலி) "அந்தக் கடன் என் பொறுப்பு" என்று ஏற்றுக்கொண்ட பிறகே முன்னால் நின்று தொழ வைத்தார்கள். கபுருஸ்தானில் "இவருக்கு யாராவது கடன் கொடுத்திருந்தால் எங்களிடம் வாருங்கள்" என்று வாரிசு சொல்வது இந்த அடிப்படையில்தான். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அதன்பிறகு என்ன செய்தீர்கள் என்பதுதான் விஷயம்.

அதனால் 40-ஆம் நாள் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு அத்தாவின் கணக்கு நோட்டை எடுங்கள். நோட்டு இல்லாவிட்டால் அவர் போனில் கடைசி ஆறு மாத யூபிஐ பரிமாற்றங்களைப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே ஆளுக்குப் போயிருந்தால் கைமாற்றோ சீட்டோ இருக்கும். சட்டைப் பையிலும் பர்ஸிலும் உள்ள துண்டுச் சீட்டுகள், மளிகைக் கடைக்காரரின் காத்தா (பற்று நோட்டு), பட்டறை முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எல்லாவற்றையும் பாருங்கள். நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்டால் சங்கடப்பட்டு "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிடுவார்கள். அது மனப்பூர்வமான பொருத்தம் ஆகாது. தொகையைக் கையில் எடுத்து நீட்டி, "வாங்கிக்கோங்க, இல்ல பொருந்திக்கிட்டேன்னு சொல்லுங்க" என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

நீங்கள் எழுதிய கணக்கு: மளிகை 6,200, நண்பரிடம் கைமாற்று 25,000, எடுத்துவிட்ட சீட்டில் இன்னும் எட்டுத் தவணை, தவணைக்கு 3,000 வீதம் 24,000. மொத்தம் 55,200. சீட்டை எடுத்துச் செலவழித்த பிறகு மீதித் தவணை என்பது கடன்தான். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1,40,000-இல் இதைக் கழித்தால் 84,800 மிஞ்சும். அதோடு முடியவில்லை. நிக்காஹ்வில் பேசிய மஹர் (மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மணக்கொடை) ஒரு பவுன், கொடுத்ததாக யாருக்கும் ஞாபகமில்லை என்கிறீர்கள். கொடுக்கவில்லை என்றால் அதுவும் அத்தாவின் கடன், அம்மாவுக்குச் சேர வேண்டியது. பவுனாகப் பேசியிருந்தால் எட்டு கிராம் தங்கமாகவோ இன்றைய விலைக்கோ கொடுக்க வேண்டும், 30 வருடத்துக்கு முந்தைய விலைக்கு அல்ல. இன்றைக்கு விற்கும் விலையில் மிச்சம் அதற்கே பத்தாமல் போகலாம்.

ஷரீஅத்தின் வரிசை தெளிவானது: முதலில் கஃபன் துணி, அடக்கச் செலவு. இரண்டாவது கடன். மூன்றாவது வஸிய்யத் (மரண சாசனம்), அதுவும் மிச்சத்தில் மூன்றில் ஒன்றுக்குள், வாரிசு அல்லாதவருக்கு. நான்காவது வாரிசுப் பங்கு. மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. அத்தாவைப் பெற்றவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் பங்குண்டு, அப்போது மார்க்கம் படித்த ஆலிமிடம் உட்கார்ந்து பிரியுங்கள். இந்த வரிசையில் கறிச்சோறு எங்கேயும் வரவில்லை.

பத்து வயதுத் தங்கை இப்போது எத்தீம், தகப்பனை இழந்த பிள்ளை. பிரிக்காத சொத்திலிருந்து 60,000 எடுத்தால் அதில் அவள் பங்கும் போகிறது. அவள் சம்மதம் சொன்னாலும் செல்லாது, வயது வரவில்லை. எத்தீம்களின் பொருளை அநியாயமாகத் தின்பவர்கள் வயிற்றில் நெருப்பைத்தான் நிரப்புகிறார்கள் என்று 4:10 சொல்கிறது. அன்றைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடும் ஊர்க்காரருக்கு இது தெரியாது, தெரிந்தே போடும் உங்களுக்குத் தெரியும்.

விருந்தின் திசையே மாறிவிட்டது என்பது என் மனக்குறை. ஹிஜ்ரி 8-இல் முஃதா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, "ஜஅஃபரின் வீட்டாருக்குச் சாப்பாடு செய்து கொடுங்கள், அவர்களுக்குக் கவனிக்க முடியாத துக்கம் வந்துவிட்டது" என்றார்கள் நபியவர்கள். ஊர் சமைத்து மௌத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். நம்மிடம் மௌத்து வீடு கடன் வாங்கி ஊருக்குச் சமைக்கிறது. விருந்து சந்தோஷத்துக்கு உரியது, துக்கத்துக்கு அல்ல என்று ஹனஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பள்ளியின்) பெரிய இமாம் இப்னுல் ஹுமாம் கண்டித்து எழுதியிருக்கிறார்கள். பெரியவர்களிடம் சண்டை போட வேண்டாம். "கடன் தீரட்டும், எத்தீம் பங்கு பிரியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். அதை மறுத்துப் பேச எந்த ஹஜ்ரத்தாலும் முடியாது.

சரி, அத்தாவுக்கு எது போய்ச் சேரும்? துஆவும் (பிரார்த்தனையும்) ஸதக்காவும் (தர்மமும்) சேரும் என்பதில் நான்கு மத்ஹபுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. குர்ஆன் ஓதி அதன் நன்மையை ஹதியா (அன்பளிப்பு) செய்வது ஹனஃபி, ஹன்பலி மத்ஹபுகளில் சேரும். ஷாஃபியில் பழைய பிரபலமான கருத்து சேராது என்பது, பின்னால் வந்த பலர் ஓதிவிட்டு துஆ கேட்டால் சேரும் என்கிறார்கள். உங்கள் வீட்டு வழக்கப்படி செய்யுங்கள், அதை வைத்துச் சண்டை வேண்டாம். மனிதன் இறந்ததும் மூன்றைத் தவிர மற்ற அமல்கள் நின்றுபோகின்றன என்ற பிரபலமான ஹதீஸில் ஒன்று, அவனுக்காக துஆ செய்யும் ஸாலிஹான பிள்ளை. நீங்கள் ஸாலிஹாக இருப்பதே அத்தாவின் கணக்கில் ஓடுகிறது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் "ரப்பிர்ஹம்ஹுமா கமா ரப்பயானீ ஸகீரா" (என் ரப்பே, சிறு வயதில் என்னை வளர்த்தது போல அவ்விருவருக்கும் நீ அருள் செய்) என்று சொல்ல ஐந்து நொடி ஆகாது. சொர்க்கத்தில் ஒருவருடைய தரஜா உயர்ந்துகொண்டே போக, "இது எனக்கு எப்படி?" என்று அவர் கேட்பார், "உன் பிள்ளை உனக்காகப் பாவமன்னிப்புத் தேடியதால்" என்று பதில் வரும். இப்னு மாஜா என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ள செய்தி.

ஸதக்கா ஜாரியாவுக்கு (தொடர்ந்து ஓடும் தர்மத்துக்கு) பெரிய தொகை தேவையில்லை. ஸஅத் இப்னு உபாதா (ரலி) தாய்க்காகக் கிணறு தோண்டினார்கள். தாராவியில் தண்ணீர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில மணி நேரமே குழாயில் வருவதைப் பிடித்து வைக்கும் இடம். மதரஸாவிலோ பட்டறைச் சந்திலோ ஒரு குடிநீர்த் தொட்டி வைக்கலாம். இதில் நடக்கும் தவறு ஒன்றுதான்: பெயர்ப் பலகையோடு திறந்துவிட்டு ஃபில்டர் மாற்ற ஆளில்லாமல் விடுவது. எட்டு மாதத்தில் பாசி பிடித்து யாரும் குடிக்க மாட்டார்கள். ஓடினால்தானே அது ஜாரியா! வைக்கும் செலவில் பாதியைப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். அதற்கும் வசதியில்லை என்றால் பொதுக் கழிப்பறைப் பாதையில் எரியாத விளக்கை மாற்றுங்கள். இரவில் நடக்கும் பெண்பிள்ளைகளின் நிம்மதி அத்தாவுக்குப் போகட்டும். வழியில் கிடந்த முள் கிளையை அகற்றிய மனிதரை அல்லாஹ் மன்னித்த செய்தி ஸஹீஹானது (ஆதாரபூர்வமானது). அத்தாவின் பழைய பட்டறை நண்பர்களைத் தேடிப் போய் விசாரிப்பதும் பெற்றோருக்குச் செய்யும் மிகச் சிறந்த நன்மைகளில் ஒன்று என்று முஸ்லிமில் வருகிறது.

அத்தா ஆஸ்பத்திரியில் இருந்தபோது விட்டுப்போன தொழுகைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஹனஃபியில் நினைவோடு இருந்து, சைகையாலாவது தொழ முடிந்தும் விட்டவற்றுக்கே ஃபித்யா (பரிகாரம்). வித்ர் தொழுகையையும் சேர்த்து நாளுக்கு ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 1.6 கிலோ கோதுமை அல்லது அதன் விலை. வஸிய்யத் செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து கடமை, செய்யாவிட்டால் வயது வந்த வாரிசுகள் தங்கள் சொந்தப் பணத்தில் விரும்பினால் கொடுக்கலாம். ஐசியூவில் மயக்கமாக இருந்த ஐந்து வக்துக்கு மேற்பட்ட காலத்துக்கு ஒன்றுமில்லை. ஷாஃபியில் தொழுகைக்கு ஃபித்யா இல்லை என்பதே உறுதியான கருத்து. கடற்கரை ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஷாஃபி, உள்நாட்டவர் பெரும்பாலும் ஹனஃபி; சொந்த ஊர் ஜமாஅத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி சொர்க்கம். 47:15-இல் நான்கு ஆறுகள்: கெடாத தண்ணீர், சுவை மாறாத பால், குடிப்பவருக்கு இன்பமான மது, தெளிந்த தேன். அந்த மதுவில் தலைவலியும் இல்லை, புத்தி மயக்கமும் இல்லை. எட்டு வாசல்கள், நோன்பாளிகளுக்கு ரய்யான் என்ற வாசல். நூறு தரஜாக்கள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள இடைவெளி. கேட்டால் பிர்தௌஸைக் கேளுங்கள் என்பது நபியவர்களின் சொல், அத்தாவுக்கும் அதையே கேளுங்கள். கடைசியாக நுழைகிறவருக்கே இந்த உலகத்தைப் போல் பத்து மடங்கு. இத்தனையும் சொன்ன பிறகு, எந்தக் கண்ணும் காணாதது, எந்தக் காதும் கேட்காதது, எந்த உள்ளத்திலும் தோன்றாதது இருக்கிறது என்கிறான் அல்லாஹ்.

உழைப்பாளியின் பிள்ளையான உங்களுக்கு நான் காட்ட விரும்புவது 35:34, 35. உள்ளே போனவர்கள் சொல்வார்கள்: "எங்களை விட்டுக் கவலையை அகற்றிய அல்லாஹ்வுக்கே புகழெல்லாம்... இங்கே எங்களைக் களைப்பும் தீண்டாது, சோர்வும் தீண்டாது." குனிந்து தைத்தே வளைந்த முதுகு, ஊசி குத்திக் காய்த்த கட்டைவிரல், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத பசை வாடை. அப்படிப்பட்டவருக்கு ஆற்றையும் மாளிகையையும்விட இந்த ஒரு வரியே பெரிது என்று எனக்குத் தோன்றும். இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. சொர்க்கவாசிகளிடம் திருப்தியா என்று அல்லாஹ் கேட்பான், "யா ரப்பு, வேறு என்ன வேண்டும்?" என்பார்கள். "என் பொருத்தத்தை உங்கள் மீது இறக்குகிறேன், இனி ஒருபோதும் உங்கள் மீது கோபப்பட மாட்டேன்" என்பான். பிறகு பதினான்காம் இரவு நிலவைக் காண்பது போலத் தடையில்லாமல் அவனைக் காண்பது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 13:23-இல் நிலையான சொர்க்கங்களில் அவர்களும், அவர்களுடைய பெற்றோர், துணைவியர், பிள்ளைகளில் ஸாலிஹானவர்களும் சேர்ந்து நுழைவார்கள் என்று அல்லாஹ் சொல்கிறான். 43:70 "நீங்களும் உங்கள் துணைவியரும் சொர்க்கத்தில் நுழையுங்கள்" என்கிறது. 52:21-இல் ஈமானோடு (இறைநம்பிக்கையோடு) பின்தொடர்ந்த பிள்ளைகளை அவர்களோடு சேர்ப்போம், அவர்கள் அமலில் எதையும் குறைக்க மாட்டோம் என்று வருகிறது. மேலே இருப்பவரைக் கீழே இறக்குவதில்லை, கீழே இருப்பவரை மேலே ஏற்றுகிறான்.

அம்மா இத்தாவில் (கணவரை இழந்தவர் காத்திருக்கும் காலத்தில்) இருப்பார்கள். மௌத்தான நாளிலிருந்து நான்கு மாதம் பத்து நாள். பிழைப்புக்குப் பகலில் வெளியே போக ஹனஃபியில் அனுமதி உண்டு, இரவு வீட்டில் தங்க வேண்டும். மய்யித்தை (இறந்தவரின் உடலை) தூக்குமுன் விதவையைச் சுற்றி நின்று "மஹரைப் பொருந்திக்கிட்டேன்னு சொல்லு" என்று நெருக்கும் பழக்கம் நம்மில் இருக்கிறது. அழுகைக்கு நடுவே சொன்ன அந்த வார்த்தையை நம்பி விட்டுவிடாதீர்கள். வீடு அமைதியான ஒரு நாளில், நீங்கள் மட்டும் உட்கார்ந்து, "அது உங்க ஹக்கு, வாங்கிக்கிறீங்களாம்மா?" என்று கேளுங்கள். வாங்கிக்கொண்டாலும் சரி, மனதார விட்டாலும் சரி, அத்தாவுக்கு அந்தப் பாக்கி தீரும்.

ஆனால் அதை இன்றைக்குக் கேட்க வேண்டாம். இன்றைக்கு 13:23, 24 இரண்டு ஆயத்தையும் தமிழில் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு வாசல் வழியாகவும் மலக்குகள் (வானவர்கள்) வந்து, "நீங்கள் பொறுமையாக இருந்ததற்காக உங்கள் மீது ஸலாம்" என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லக்கூடும்.